நடுக்களத்து வாழ்தொழில்

கல்வியும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகையெனக் கருதும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஆடுகளத்திற் கழியும் பொழுது வீணே கழியும் பொழுது என்றும், ஆட்டத்தில் வல்ல பிள்ளை பாடத்திற் பின்னிற்பான் என்றும் பெற்றோர் கூறக் கேட்கின்றோம். விளையாட்டு உடலுக்கு நன்றென மேடையில் மொழிவோரும், தம் பிள்ளை அதனையே வாழ்தொழிலாகக் கொள்வேன் என்று சொல்லுமிடத்துத் திடுக்குறுகின்றனர். மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் முதலாய தொழில்களின் படிமுறைகளை நாம் நன்கறிவோம். ஆட்டத்தால் வாழ்வோர் எங்ஙனம் வாழ்கின்றனர் என்பதை அறியோம். அறியாத ஒன்றை வெறுத்தலும் தகாது. வியந்து போற்றுதலும் தகாது.

இஃது இன்று நமக்குப் புறம்பான செய்தியன்று. நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலர் அவுஸ்திரேலியாவிற் குடியமர்ந்துள்ளனர். அவர்களுள் மெல்பேண் நகரில் வாழ்வோரின் பிள்ளைகள், அந்நாட்டுக்கேயுரிய உதைபந்தாட்டத்தைப் பள்ளியிற் பயின்று அதன்மீது பெருவிருப்புக் கொண்டுள்ளனர். "துடுப்பாட்டமாயின் விளங்கும், இஃது என்ன ஆட்டம்? இதனையே தொழிலாகக் கொள்ள விடலாமா?" என்று விடுமுறைக்குப் பாலாவிக்கு வரும் அன்பர்கள் நம்மை வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை காணுமுன்னர் அத்தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். அவ்வாட்டத்தில் மிகக் கடுமையான உழைப்பை வேண்டிநிற்பது நடுக்கள வீரரின் பணியாதலின், அவரது தொழில்வாழ்வையே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஆட்டத்தின் அமைப்பு

இவ்வாட்டம் மெல்பேணிலே துடுப்பாட்டக்காரரிடையே தோன்றியது. 1858 ஆம் ஆண்டில் ரொம் வில்ஸ் என்னும் துடுப்பாட்ட வீரர், குளிர்காலத்திலே துடுப்பாட்டக்காரர் சோம்பியிராது உடலுறுதி பேணுதற்கு உதைபந்தாட்டக் கழகம் ஒன்று வேண்டுமெனப் பத்திரிகைக்கு எழுதினார். மறுவருடம், 1859 மே 17 ஆம் நாள், மெல்பேண் கழகத்தார் ஆட்ட விதிகளை வகுத்தனர். 1897 இல் விக்ரோறிய மாநிலத்துக் கழகங்கள் எட்டுச் சேர்ந்து லீக் போட்டிகளைத் தொடங்கின. பிற மாநிலங்களுக்கும் பரவிய அந்த லீக், 1990 இல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக் எனப் பெயர் பெற்றது. இன்று அதில் 18 கழகங்கள் ஆடுகின்றன.

ஆடுகளம் நீள்வட்டமானது, துடுப்பாட்டத் திடலே அதற்கும் திடலாகும். அதன் நீளம் 135 முதல் 185 மீற்றர் வரை இருக்கலாம். பந்தும் நீள்வட்டமானதே. ஆதலின், நிலத்தில் விழுந்த பந்து எத்திசை நோக்கி எழும் என்பதை எவருந் துணிந்து கூறல் இயலாது. ஒவ்வோர் அணியிலும் ஒரே வேளையில் 18 பேர் களத்தில் நிற்பர். பந்தைக் காலால் உதைக்கலாம்; ஒரு கையில் ஏந்தி மறுகையின் முட்டியாற் குத்தியும் தோழனுக்கு அனுப்பலாம்; எறிதல் மட்டும் கூடாது. பந்தோடு ஓடுவோர் 15 மீற்றருக்கு ஒருமுறையேனும் அதனை நிலத்தில் தட்டுதல் வேண்டும். 15 மீற்றருக்குக் குறையாது பறந்துவரும் உதையை நிலந்தொடாமுன் பிடித்தவர், எதிரியின் தடையின்றி உதைக்கும் உரிமை பெறுவர்.

திடலின் இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் நடப்பட்டிருக்கும். நடுவிலுள்ள இரு நெடுங்கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் ஆறு புள்ளிகள். அது கோல் எனப்படும். நெடுங்கம்பத்துக்கும் பக்கத்துக் குறுங்கம்பத்துக்கும் இடையே சென்றால் ஒரு புள்ளி மட்டுமே. இலக்குத் தவறியவனுக்கும் ஒரு புள்ளி உண்டு என்பது இவ்வாட்டத்தின் தனிச்சிறப்பு. அவ்வொரு புள்ளியின் பெருமையைப் பின்னர்க் காண்போம்.

நடுக்கள வீரரின் பணி

நம்மூர்க் கிளித்தட்டை நினைவுகூர்க. குறுக்குக் கோடுகளில் நின்று மறிப்போர் தத்தம் கோட்டைவிட்டு அகலார். கிளியாக நிற்பவனோ நடுக்கோட்டின் வழியே முன்னும் பின்னும் ஓடி, எங்குந் தோன்றி, எவரையுந் தொட வல்லவனாவான். அவன் சோர்ந்தால் மறிப்போர் அனைவரும் சோர்ந்தவராவர். அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் முன்கள வீரரும் பின்கள வீரரும் பெரும்பாலும் தத்தம் எல்லையில் நின்று ஆட, நடுக்கள வீரர் கிளியைப் போலக் களம் முழுவதும் திரிகின்றார்.

காற்பகுதி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், கோல் ஒவ்வொன்றின் பின்னரும், பந்து திடலின் நடுவிலிருந்தே ஆட்டத்துக்கு விடப்படும். அங்கே வரையப்பட்டுள்ள சதுரத்தினுள் அப்பொழுது ஓரணிக்கு நால்வரே நிற்றல் கூடும். அவருள் உயர்ந்த உடலினர் ஒருவர் மேலெழும்பிப் பந்தைத் தட்டுவார். ஏனை மூவர் அதனைக் கைப்பற்ற விரைவர். அம்மூவரே நடுக்கள வீரர். இரு பக்கத்தாரும் மோதும் நெரிசலினுள்ளே குனிந்து, உருளும் பந்தை எடுத்து, நிமிருமுன் எங்கே அனுப்புவதென முடிவு செய்து, முடிவு செய்யுமுன்னரே மோதுண்டு விழுவது அவர்தம் அன்றாடப் பணியாகும். முன்கள வீரர் கோல் அடித்துப் பெயர் பெறுகின்றார். அப்பந்து அவர் கைக்கு வந்த வழியை ஆராய்ந்தால், அதன் தொடக்கத்தில் மண்ணிற் கிடந்த ஒரு நடுக்கள வீரரைக் காணலாம்.

நான்கு காற்பகுதிகளைக் கொண்ட ஓர் ஆட்டத்தில் நடுக்கள வீரர் ஏறத்தாழ 12 முதல் 15 கிலோமீற்றர் வரை ஓடுகின்றார். பாலாவிச் சந்தியிலிருந்து புத்தளம் நகருக்குச் சென்று மீள்வோன் நடக்கும் தொலைவை மனத்திற் கொண்டால் இதன் அருமை புலனாகும். அதுவும் ஒரே சீரான ஓட்டமன்று; விரைதலும், நிற்றலும், திரும்புதலும், மோதுதலும், மீள விரைதலும் கலந்த ஓட்டம். ஆதலின் இப்பணிக்கு உயரம் இன்றியமையாததன்று. மூச்சின் வலிமையும், கண்ணின் கூர்மையும், இரு கால்களாலும் உதைக்கும் பயிற்சியுமே இன்றியமையாதன. தென் மெல்பேண் கழகத்தின் பொப் ஸ்கில்ரன் 171 சென்ரிமீற்றர் உயரமே உடையவர். எனினும் எக்காலாலும் ஒப்ப உதைக்க வல்லவராய், 1959, 1963, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆட்டத்தின் அதியுயர் தனிநபர் விருதைப் பெற்றார்.

மறுகரையில் ஒரு குடும்பம்

நம் கரையை அலைக்கும் இந்து சமுத்திரத்தின் தென்கீழ்க் கரையில், மேற்கு அவுஸ்திரேலியாவிலே, பிறீமாண்டில் என்னுந் துறைமுக நகரம் உள்ளது. அந்நகர்ப் பக்கத்துக் குடும்பமொன்றிலிருந்து தோன்றிய நடுக்கள வீரர் டானியல் கெர் என்பவர். இவர்தம் தந்தையார் றோஜர் கெர் கல்கத்தாவிற் பிறந்தவர். தந்தைவழிப் பாட்டனார் ஆங்கிலேயக் குத்துச்சண்டை வீரர். பாட்டியார் கூடைப்பந்தாடிய இந்தியப் பெண்மணி. றோஜர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்து அந்நாட்டு உதைபந்தாட்டத்தை ஆடினார். எனவே, நம் துணைக்கண்டத்து இரத்தத்துக்கும் இவ்வாட்டத்துக்கும் தொடர்பேயில்லை என்று கூறுவார்க்கு இக்குடும்பமே மறுமொழியாகும்.

1983 இற் பிறந்த டானியல், கிழக்குப் பிறீமாண்டில் கழகத்தில் ஆடிப் பெயர் பெற்று, பதினேழு வயதில், 2000 ஆம் ஆண்டு நடந்த தெரிவின்மூலம் வெஸ்ற் கோஸ்ற் கழகத்தைச் சேர்ந்தார். 2001 முதல் 2013 வரை அக்கழகத்துக்காக 220 ஆட்டங்கள் ஆடினார். பென் கசின்ஸ், கிறிஸ் ஜட் என்னும் இருவரும் அவரோடு நடுக்களத்தில் நின்றனர். உயர எழும்பிப் பந்தைத் தட்டியவர் டீன் கொக்ஸ். இந்நால்வர் கூட்டம் அக்காலத்திற் சிறந்த நடுக்களங்களுள் ஒன்றெனப் போற்றப்பட்டது. 2004 இல் ஜட் விருது பெற்றார். 2005 இல் கசின்ஸ் 20 வாக்குகளோடு பெற்றார். அவ்வாண்டு டானியல் பெற்ற வாக்குகள் 19. ஒரே வாக்கால், தம் தோழருக்கு அடுத்த இடத்தில் அவர் நின்றார்.

2005 ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் வெஸ்ற் கோஸ்ற் அணி சிட்னி அணியை எதிர்த்தது. சிட்னி 8 கோல்களும் 10 ஒற்றைப் புள்ளிகளும் பெற்று 58 புள்ளிகளை எட்டியது. வெஸ்ற் கோஸ்ற் 7 கோல்களும் 12 ஒற்றைப் புள்ளிகளும் பெற்று 54 இல் நின்று தோற்றது. மறுவருடம் அவ்விரு அணிகளுமே இறுதியாட்டத்தில் மீண்டும் எதிர்ப்பட்டன. இம்முறை இரு அணிகளும் 12 கோல்களே அடித்தன. வெஸ்ற் கோஸ்ற் அணியின் ஒற்றைப் புள்ளிகள் 13. சிட்னியின் ஒற்றைப் புள்ளிகள் 12. எண்பத்தைந்துக்கு எண்பத்துநான்கு என்ற கணக்கில், ஒரே புள்ளியால், கிண்ணம் மேற்குக் கரைக்குச் சென்றது. இலக்குத் தவறிய உதை ஒன்றே ஓர் ஆண்டின் உழைப்பைத் தாங்கி நின்றமை காண்க. பயனற்றதென நாம் எண்ணும் முயற்சியும் கணக்கிற் சேர்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தொழிலுட் புகும் வாயில்

இத்தொழிலுட் புகும் வழி நம்மவர் அறியவேண்டியது. 1986 முதல் ஆண்டுதோறும் நாடளாவிய தெரிவு ஒன்று நடைபெறுகின்றது. போட்டிப் பட்டியலிற் கடைசியாக வந்த கழகம் முதலில் தெரிவு செய்யும் உரிமை பெறும். மெலிந்தோர் வலிமை பெறுதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. ஆயின், தெரிவு செய்யப்படும் இளைஞன் தான் விரும்பிய கழகத்தைக் கேட்டுப் பெறுதல் இயலாது. பதினெட்டு வயதிலே, பேர்த் நகரத்துப் பிள்ளை மெல்பேணுக்கோ, மெல்பேண் பிள்ளை பிறிஸ்பேனுக்கோ வீட்டைப் பிரிந்து செல்ல நேரும். பெயர் அழைக்கப்படாதோர் தொகை அழைக்கப்படுவோர் தொகையினும் பன்மடங்கு பெரிது.

அழைக்கப்பட்டதனால் வாழ்வு உறுதியாயிற்று என்றும் கொள்ளலாகாது. தென்கொரியாவிற் பிறந்து மேற்கு அவுஸ்திரேலியாவில் வளர்ந்த பீற்றர் பெல் என்னும் நடுக்கள வீரரை, 1995 ஆம் ஆண்டின் முடிவில் பிறீமாண்டில் கழகம் வேண்டாமென விலக்கிற்று. அவர் மனந்தளராது வட மெல்பேண் கழகத்திற் சேர்ந்து, 1996, 1999 ஆகிய இரு ஆண்டுகளில் கிண்ணம் வென்ற அணிகளில் இடம்பெற்றார். விலக்கிய கழகமே 2001 இல் அவரை மீண்டும் அழைத்துப் பின்னர்த் தலைமைப் பதவியும் அளித்தது. அவர் ஆட்டத்தோடு சட்டக் கல்வியையும் பயின்றவர் என்பது நம் மாணவர் ஊன்றி நோக்கற்பாலது.

போட்டிக்காலம் மார்ச்சு முதல் செப்ரெம்பர் வரை நீடிக்கும். அதற்கு முன்னரே, அந்நாட்டுக் கோடை வெயிலிலே, ஓட்டப்பயிற்சியும் எடைதூக்கற் பயிற்சியும் மாதக்கணக்கில் நிகழும். போட்டி முடிந்த மறுநாள் உடலை ஆற்றுவதற்குரியது. அதன்பின் முந்திய ஆட்டத்தின் படத்தைக் கண்டு குற்றங்குறை ஆராய்வர். ஓடிய தொலைவையும் விரைவையும் அளக்குஞ் சிறு கருவியை வீரர் மேற்சட்டையின் முதுகுப்புறத்தே அணிந்திருப்பர். உணவும் உறக்கமும் கூடக் கணக்கில் வைக்கப்படும். பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒரு பருவத்திற் படும் பாட்டை இவர்கள் ஆண்டுதோறும் படுகின்றனர். பரீட்சையோ வாரந்தோறும் நிகழ்கின்றது.

பெருமையும் அதன் அளவுகோலும்

மேலே நாம் குறிப்பிட்ட விருது பிறவுன்லோ பதக்கம் எனப்படும். ஜீலோங் கழகத்தைச் சார்ந்த சார்ள்ஸ் பிறவுன்லோ என்பாரின் நினைவாக 1924 முதல் அது வழங்கப்படுகின்றது. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் நடுவர்கள் சிறந்த மூவருக்கு முறையே மூன்று, இரண்டு, ஒன்று என வாக்களிப்பர். சிறந்து ஆடுதல் மட்டும் போதாது. நேர்மையோடு ஆடுதலும் வேண்டும். விதி மீறித் தடைத் தண்டனை பெற்றவர் எத்துணை வாக்குப் பெறினும் பதக்கத்துக்கு உரியவராகார். 1997 இல் கிறிஸ் கிறான்ற் என்னும் வீரர் ஏனையோரினும் கூடிய வாக்குப் பெற்றிருந்தும், முன்னர்ப் பெற்ற தடையினால் அதனை இழந்தார். அடுத்து நின்ற நடுக்கள வீரர் றொபேட் ஹாவி அதனைப் பெற்றார். திறமைக்கு ஒழுக்கத்தை எல்லையாக வகுத்த இவ்விதி போற்றத்தக்கதே.

ஆயினும் தனிப்பெருமையும் அணியின் வெற்றியும் எப்பொழுதும் ஒருங்கே வாய்ப்பதில்லை. மூன்று பதக்கம் பெற்ற ஸ்கில்ரன் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இறுதியாட்டத்திற் காலூன்றவில்லை. பெருமையை மட்டும் நாடி இத்தொழிலுக்குச் செல்வோன் ஏமாற்றமடைவான். பணியை நாடிச் செல்வோனே நிலைப்பான்.

மறைக்கலாகாத துன்பங்கள்

இன்பப் பக்கத்தை மட்டும் காட்டி அமைவது ஆசிரியர்க்கு அழகன்று. முதலாவது, உடற்காயம். டானியல் கெர் காயங்களாற் பல ஆட்டங்களை இழந்து, முப்பதாம் வயதிலே களத்தை நீங்கினார். ஜட், கால்ற்றன் கழகத்துக்கு மாறி 2010 இல் இரண்டாம் பதக்கமும் பெற்றவர். முழங்காற் காயம் 2015 இல் அவரது ஆட்டவாழ்வை முடித்துவைத்தது. 2009, 2013 ஆகிய ஆண்டுகளிற் பதக்கம் பெற்ற கரி ஏப்லற் இளையவர், 2020 இறுதியாட்டத்தில், தமது 357 ஆவதும் கடைசியுமான ஆட்டத்தை, தோட் காயத்தோடே ஆடி முடித்தார்.

இரண்டாவது, தலையில் ஏற்படும் அடி. றிச்மண்ட் கழகத்துக்கு 173 ஆட்டங்கள் ஆடிய நடுக்கள வீரர் ஷேன் ரக் 2020 இல் 38 வயதில் மறைந்தார். மறைவின்பின் அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர், மீள மீளத் தலையில் அடிபடுவதோடு தொடர்புடைய கடுமையான மூளைநோயைக் கண்டனர். அடிபட்டு மயக்கமுற்ற வீரர் குறைந்தது 12 நாட்கள் ஆடலாகாது என்ற விதி 2021 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை ஆடவிடும் பெற்றோர், அடிபட்ட பிள்ளையை உடனே மீளக் களத்துக்கு அனுப்பாத பயிற்றுநரையே நாடவேண்டும். அத்தகைய பயிற்றுநர் இல்லாதவிடத்து மறுத்துரைக்கத் தயங்கலாகாது.

மூன்றாவது, இளமையில் வரும் பணமும் புகழும். பென் கசின்ஸ் போதைப்பொருட் பழக்கத்தாற் சீர்குலைந்து, 2007 இற் கழகத்தால் நீக்கப்பட்டு, ஓராண்டுத் தடையும் பெற்றார். டானியலின் வாழ்விலும் களத்துக்குப் புறத்தே சர்ச்சைகள் இல்லாமலில்லை. காலின் வலிமையைப் பயிற்றுநர் வளர்க்கின்றார். உள்ளத்தின் வலிமையை வளர்ப்பவர் வீட்டாரும் ஆசிரியருமே என்க.

நான்காவது, காலத்தின் குறுமை. கொலிங்வுட் கழகத்தின் ஸ்கொட் பென்டில்பரி 2006 இல் ஆடத்தொடங்கி 2024 இல் 400 ஆவது ஆட்டத்தை ஆடினார். அஃது அருமையினும் அருமை. பலருக்குச் சில ஆண்டுகளே வாய்க்கின்றன. நம் பாலாவி உப்பளங்களிற் பணிபுரிவோர் இதனை நன்குணர்வர். வெயிற் காலத்தில் உப்பு விளையும். விளைந்ததை உரிய வேளையில் வாரிக் குவித்து மூடாவிடின், ஒரு மழை எல்லாவற்றையுங் கரைத்துவிடும். ஆட்ட வீரரின் இளமையும் அத்தகையதே. மழைக்கு முன்னர் வேறொரு கல்வியையோ கைத்தொழிலையோ சேர்த்துவைப்பவனே பின்னர்த் தலைநிமிர்ந்து வாழ்வான். அந்நாட்டு வீரர் சங்கம் வீரரின் கல்விக்குப் பொருளுதவி செய்வதும் இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயாம்.

பெண்மக்களும் இவ்வாட்டமும்

டானியலின் தங்கையார் சாம் கெர், சிறுமியாயிருந்தபொழுது அண்ணனைப் போலவே இவ்வாட்டத்தை ஆடினார். பன்னிரண்டு வயதளவிலே, சிறுவரோடு தொடர்ந்து ஆட இயலாமையின், உலகறிந்த உதைபந்தாட்டத்துக்கு மாறினார். அவரே பின்னர் அவுஸ்திரேலியப் பெண்கள் அணியின் தலைவியாகி உலகப் புகழ் பெற்றார். அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் பெண்களுக்கான லீக் 2017 இலேயே தொடங்கிற்று. வாயில் திறக்கப்படாமையால் அவ்வாட்டம் ஒரு பெருவீராங்கனையை இழந்தது. மற்றோர் ஆட்டம் பெற்றுக்கொண்டது. நம் பெண்பிள்ளைகளுக்கு நாம் அடைத்துவைத்திருக்கும் வாயில்கள் எத்தனை என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்தே எண்ணத் தொடங்கலாம்.

நாம் கொள்ளத்தக்கது

இனி, அன்பர்தம் வினாவுக்கு விடை கூறுவோம். பிள்ளை ஆடட்டும். அத்தொழில் சோம்பேறியின் தொழிலன்று. விடாமுயற்சியும் அடக்கமும் பிறர்க்கென உழைக்கும் பண்பும் அதற்கு வேண்டும். ஆயின் பாடநூலை மூடிவைத்து ஆட விடவேண்டா. தெரிவிற் பெயர் வந்தாலும் வராவிட்டாலும், வந்தபின் காயம் நேர்ந்தாலும், நிற்பதற்கு வேறொரு நிலம் அவனுக்கோ அவளுக்கோ இருத்தல் வேண்டும். தலையிற் படும் அடியைப் பற்றி அஞ்சுவது கோழைத்தனமன்று, அறிவுடைமையாகும்.

ஊரிலுள்ள நமக்கும் ஒரு கடமையுண்டு. இன்று மாலைப்பொழுதில் நம் பிள்ளைகள் ஒரு மேலதிக வகுப்பிலிருந்து மற்றொரு மேலதிக வகுப்புக்கு விரைகின்றனர். புலமைப்பரிசிற் பரீட்சை முதலாக உயர்தரப் பரீட்சை ஈறாக இந்நிலையே. திடலிற் புல் வளர்கின்றது. கிளித்தட்டுக் கோடு கீறுவாரைக் காணோம். நூறு மாணவருள் ஒருவரேனும் தொழில்முறை வீரராதல் அரிது. ஆயினும் நூற்றுவரும், விழுந்து எழவும், தோழனுக்குப் பந்தை அனுப்பவும், ஒரு புள்ளியால் தோற்று மறுநாள் மீண்டும் வரவும் கற்றல் வேண்டும். அப்பாடத்துக்கு வகுப்பறை போதாது.

விழாக் காணும் நம் கல்லூரி, நூலகத்துக்கு ஒதுக்கும் கருத்தில் ஒரு பங்கை ஆடுகளத்துக்கும் ஒதுக்குமாக. பழைய மாணவர் சங்கத்தார் அளிக்கும் நன்கொடையிற் சிறு பகுதியேனும் திடலைத் திருத்தவும், ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்னும் வேறுபாடின்றிப் பயிற்றுநரை அமர்த்தவும் பயன்படுமாயின், அது கட்டடத்தினும் நெடிது நிற்கும் நினைவாகும் என்பது நம் துணிபு.